அரக்கனைப் பெற்றவர் யார்?

காஞ்சியிலே, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய உருவங்கள் இரண்டு உண்டு. ஒன்று உலகளந்த பெருமாள் கோயிலில், ஏறத்தாழ 35 அடி உயரத்தில், ஒரு காலை விண்ணுக்குத் தூக்கி, மறு காலை மாவலியின் தலைமீது பதித்து நிற்பது. மற்றொன்று பாண்டவதூதப் பெருமாள் கோயிலில், துரியோதனன் அவையிலே பேருருக் காட்டியதாகச் சொல்லப்படும் கண்ணன், அமர்ந்த கோலத்தில் இருப்பது. பக்தர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள். காலடியில் நசுங்கிக் கிடப்பவனைக் குனிந்து பார்ப்பார் இல்லை! கொடுத்த வாக்கைக் காத்தவன் அவன், எனவே அரக்கன். குள்ளனாக வந்து இரந்து, நெடியோனாக வளர்ந்து மிதித்தவன் ஆண்டவன்! இந்தக் கணக்கைப் பற்றி நம் இயக்கத்தார் எழுதி எழுதி ஏடுகள் நிரம்பிவிட்டன. அதை மீண்டும் எழுத நாம் முனையவில்லை. மூன்றாவது பேருரு ஒன்றை அண்மையில் கண்டோம். அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

கண்ட இடம், காஞ்சியை அடுத்த ஏனாத்தூர். தறிவீட்டுப் பிள்ளைகள் சிலர், கல்லூரியில் பயில்வோர் சிலர், முதியவர் இரண்டொருவர்; இருபது பேருக்குமேல் இராது. மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி ஒன்று திரையாயிற்று. படம், ஜப்பானியர் 2023-இல் எடுத்த ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’.

“பேய்ப்படமா?” என்று கேட்டார், ஆயுள் முழுதும் குழித்தறியிலே கால் வைத்திருந்த பெரியவர் ஒருவர்.

“பேயில்லை தாத்தா, பெரிய பல்லி” என்றான் ஒரு பையன்.

அவன் சொன்னது பொய்யல்ல. பல்லியின் வால், முதலையின் தோல், மலையின் உயரம்! கடலிலிருந்து எழுகிறது, நகரை மிதிக்கிறது, வாயால் நெருப்பைக் கக்குகிறது. இவ்வளவுதான் என்றால் எழுதத் தாளும் மையும் வீண். ஆனால், அந்தப் பல்லிக்குப் பிறந்தநாள் உண்டு, பெற்றோரும் உண்டு. அந்தப் பிறப்பின் கதை நம்மவர் அறியத்தக்கது.

1954-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், பசிபிக் பெருங்கடலில், பிகினித் தீவில், அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. வெடித்துப் பார்த்தது! சிறுவன் சீனவெடி கொளுத்திப் பார்ப்பதுபோல! கணக்கிட்டதைவிட இரண்டரை மடங்கு வலிவோடு வெடித்தது அது. தடை செய்யப்பட்ட எல்லைக்கு அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீது, சில மணி நேரத்தில், வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. பவழப்பாறை வெந்து நீறாகி வானேறி இறங்கிய சாம்பல்! படகில் இருந்தோர் 23 பேர். தோல் புண்ணாயிற்று, முடி உதிர்ந்தது. படகின் பெயர் என்ன தெரியுமோ? ஐந்தாம் எண் ‘அதிர்ஷ்ட டிராகன்’! பெயரிலே அதிர்ஷ்டம் வைத்தால் வாழ்விலே வந்துசேரும் என்று எண்கணிதக்காரரிடம் எழுத்துக்கூட்டி வாங்கும் நம்மவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அப்படகின் கம்பியில்லாத் தந்திக்காரர் குபோயாமா ஐகிச்சி, அவ்வாண்டு செப்டம்பர் 23-இல் மாண்டார். நவம்பர் 3-இல் ‘கோஜிரா’ திரைக்கு வந்தது. உலகம் பின்னர் ‘காட்ஜில்லா’ என்று அழைத்தது அவனைத்தான்.

படத்தின் தொடக்கமே கடலில் ஒரு கப்பல், திடீரென ஓர் ஒளி, பிறகு தீ. ஜப்பானியர்க்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. படத்தை இயக்கிய ஹோண்டா இஷிரோ, படைவீரராகச் சீனத்திலே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர். 1946-இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமா இருந்த இடத்தைக் கண்டவர். ஆக, கடலுக்கடியில் உறங்கிக் கிடந்த விலங்கை எழுப்பி, நகரத்தின்மேல் ஏவியது எந்த முனிவரின் சாபமும் அல்ல, குண்டுதான். உயரம் 50 மீட்டர். நம் உலகளந்தவரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

அப்படத்திலே ஒரு காட்சி. ஓடோ என்றொரு தீவு. மீன் கிடைக்காத காலத்தில் ஊர்ப்பெண் ஒருத்தியைக் கடலுக்கு இரையாக அனுப்புவது அங்கே முன்னாள் வழக்கமாம். இப்போது அது முகமூடி ஆட்டமாகவும் மேள முழக்கமாகவும் சுருங்கி நிற்கிறது. அரக்கன் வரக்கூடாது என்று ஆடுகிறார்கள். ஆட்டம் முடிகிறது. அன்றிரவே வருகிறான் அரக்கன்! குடிசைகளை மிதித்துவிட்டுப் போகிறான்! மூடநம்பிக்கையைச் சாடி யாரும் படத்தில் ஒரு சொல் பேசவில்லை. ஆடினார்கள், வந்தான், அவ்வளவே. நம் மேடைப் பேச்சாளர்கள் இந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளலாம், நாமும்தான்.

நம் நாட்டிலோ, அரக்கன் செத்த நாளில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் உண்கிறோம். எப்படிப் பிறந்தான், ஏன் பகைத்தான், அவன் தரப்பு வழக்கு என்ன என்ற கேள்வியே எழாது. கோஜிரா மாண்டதும் படத்தில் ஆரவாரம் எழுகிறது. ஆனால் யமானே என்னும் முதிய விஞ்ஞானி மகிழவில்லை. குண்டுச் சோதனைகள் தொடருமானால் இன்னொன்று எங்கிருந்தாவது வரும் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். அரக்கனைக் கொன்ற கருவியைக் கண்டுபிடித்த செரிசாவாவோ, தன் குறிப்புகளை எரித்துவிட்டு, அக்கருவி நாளை ஆட்சியாளர் கைக்குப் போய்விடும் என்றஞ்சி, கடலடியிலேயே உயிரை விட்டுவிடுகிறார். இந்தச் சாவை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1956-இல் அமெரிக்கர் இப்படத்தை வாங்கி, தம் நாட்டு நடிகர் ஒருவரை நடுவிலே ஒட்டவைத்து, குண்டைப் பற்றிய பேச்சையெல்லாம் மழுங்கடித்துத் தம் மக்களுக்குக் காட்டினர். பின்னர் வந்த படங்கள் பலவற்றில் அரக்கன் குழந்தைகளுக்குத் தோழனானான், வேறு அரக்கர்களோடு மல்லுக்கட்டினான். அவற்றை விட்டுவிடுவோம்.

குண்டு செய்தவர்களின் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் அணுகுண்டு ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய ஓப்பன்ஹைமர், 1945 ஜூலையில் முதற்குண்டு வெடித்தபோது கீதையின் விசுவரூபக் காட்சி தம் நினைவுக்கு வந்ததாக, 1965-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் சொன்னார். நம் வைதீகர்களுக்குப் பெருமை தாங்கவில்லை! அணுகுண்டுக்கும் கீதையே மேற்கோள் என்று இன்றுவரை பூரிக்கிறார்கள். வெட்கப்படவேண்டிய இடத்தில் பூரிப்பவர்களை என்னென்பது? போர் செய்யத் தயங்கி வில்லைக் கீழே போட்டவனை மீண்டும் வில்லெடுக்க வைக்கக் காட்டப்பட்ட பேருரு அது. பல நூறாயிரம் பேரைக் கொல்லும் கருவியைக் கண்ட மனிதனுக்கு அது நினைவுக்கு வந்ததில் வியப்பென்ன! 1974 மே 18-இல் பொக்ரானில் வெடித்த குண்டுக்குப் ‘புன்னகைக்கும் புத்தர்’ என்ற பெயர் வழங்கிற்று. 1998 மேத் திங்களில் வெடித்தவற்றுக்குச் ‘சக்தி’ என்று பெயர். பௌத்தம் தழைத்திருந்த காஞ்சியில், காமாட்சியின் காஞ்சியில், இவ்விரு பெயர்களையும் யாரும் தகராறுக்கு இழுத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

2024 மார்ச்சு 10. அமெரிக்காவில் ஆஸ்கர் விருது விழா. ஓப்பன்ஹைமரைப் பற்றிய படத்துக்கு ஏழு விருதுகள். அதே மேடையில், குண்டு தந்த அரக்கனைப் பற்றிய ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’னுக்கு, காட்சி நுட்பத்துக்காக ஒரு விருது. 1945-இல் அதே மார்ச்சு 10 விடியலில்தான், அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெந்து மாண்டனர். அரங்கிலே அதை நினைத்தவர் எத்தனை பேரோ!

இனி, அந்தப் படம். இயக்கியவர் யமசாகி தகாஷி. காட்சி நுட்பப் பணியையும் அவரே முன்னின்று நடத்தினார். அப்பணியில் 35 பேரே ஈடுபட்டார்களாம். தறிக்காரப் பெரியவர் இந்த எண்ணிக்கையைக் கேட்டு, “கோர்வைச் சேலைக்கே ரெண்டு பேர் உட்காரணும், இதுக்கு முப்பத்தஞ்சு பேரா, பரவாயில்லையே!” என்றார். தொழிலாளியின் மதிப்பீடு!

கதை 1945-இல் தொடங்குகிறது. ஷிகிஷிமா என்பவன் தற்கொலைப்படை விமானி. வெடிகுண்டோடு விமானத்தை எதிரிக் கப்பல்மேல் மோதிச் சாகவேண்டும். அதுவே அவனுக்கு அரசன் பெயரால் வந்த ஆணை. அவனோ, இயந்திரம் பழுது என்று பொய் சொல்லி, தீவொன்றில் இறங்கிவிடுகிறான். உயிராசை! அன்றிரவு அங்கே அரக்கன் வருகிறான். சுட முடியாமல் இவன் உறைந்துபோகிறான். உடனிருந்தோர் ஏறத்தாழ அனைவரும் மாள்கின்றனர். ஊர் திரும்பினால், டோக்கியோ சாம்பல்மேடு. பெற்றோர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண், தன் பிள்ளைகளைத் தீயிலே பறிகொடுத்தவள், இவனைப் பார்த்துச் சீறுகிறாள்: உன் போன்றவன் சாகவேண்டிய இடத்தில் சாகாததால்தானே இந்தக் கதி என்று!

வெட்கத்தோடு வாழ்கிறான். யாரோ பெற்று, யாரோ ஒப்படைத்துவிட்டுச் செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நொரிகோ என்பவள் அவன் குடிசையில் வந்து ஒண்டுகிறாள். மூவருக்கும் குருதித் தொடர்பு இல்லை, மணமில்லை, மந்திரமில்லை. குடும்பமாகிறார்கள். (சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்டம் கண்ட நாட்டினர் நாம், இதைப் புரிந்துகொள்ளத் தடையென்ன?) பிழைப்புக்காக, போர்க்காலத்தில் கடலில் மிதக்கவிட்ட கண்ணிவெடிகளை அகற்றும் மரப்படகில் வேலைக்குச் சேருகிறான். போர் முடிந்தபின்னும் கடலெல்லாம் போர்! ஏனாத்தூர்ப் பிள்ளைகள் அரக்கன் வரும் காட்சியைவிட இந்த மரப்படகுக் காட்சிகளை அசையாமல் பார்த்ததைக் கண்டோம்.

பிகினிச் சோதனையால் அரக்கன் பெருக்கிறான். 1947-இல் கின்சா கடைவீதியை மிதிக்கிறான். அவன் கக்கிய தீயில் நகரம் மறைகிறது. கருப்பு மழை பெய்கிறது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கர், சோவியத்து நாடு என்ன நினைக்குமோ என்று கையைக் கட்டிக்கொள்கின்றனர். ஜப்பானிய அரசும் வாய் மூடிக்கொள்கிறது. பழைய கடற்படையினரும் எளிய படகோட்டிகளும்தான் கூடுகிறார்கள். அங்கே நோதா என்னும் பொறியாளர் பேசுகிறார். இந்த நாடு உயிரை மிக மலிவாக மதித்துவிட்டது. சோறு அனுப்பாமல் படையைப் பட்டினியில் சாகவிட்டது. தப்பும் இருக்கை இல்லாத விமானத்தில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியது. இம்முறை சாவதற்காக அன்று, வாழ்வதற்காகப் போரிடுவோம் என்பது அவர் பேச்சின் கருத்து. வர விரும்பாதோர் வீடு திரும்பலாம் என்றும் சொல்கிறார்கள். திரும்புகிறவனை யாரும் பழிப்பதில்லை. கோயிலில் விளக்கேற்றிவிட்டு வருவோம் என்று சொல்பவரும் இல்லை! கடலின் ஆழம், நீரின் அழுத்தம், வாயுக் குமிழிகள், இழுவைப் படகுகள். இவையே அவர்கள் ஆயுதம்.

ஷிகிஷிமா மட்டும் சாகவே துடிக்கிறான். பழைய கடனைத் தீர்க்க விமானத்தோடு அரக்கன் வாயில் பாயத் திட்டமிடுகிறான். பாய்கிறான். ஆனால் சாகவில்லை! அவனால் தோழர்களை இழந்து, அவனை வெறுத்திருந்த பொறிவினைஞனே, விமானத்தில் தப்பும் இருக்கையைப் பொருத்தி, வாழ் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். வானத்தில் குடை விரிகிறது. 1954-இல் செரிசாவா மாண்டார். 2023-இல் ஷிகிஷிமா பிழைக்கிறான். ஒரு சமுதாயம் தன் வீரக்கதையைத் திருத்தி எழுதிக்கொள்ளப் பிடித்த காலம், எழுபதாண்டுக்கு ஓராண்டு குறைவு.

(குடை விரிந்ததும் பெரியவர், “அது பட்டுத்தானே?” என்றார். போர்க்காலத்தில் குதிகுடைக்குப் பட்டுதான் வேண்டியிருந்தது; மைசூரிலும் காஷ்மீரத்திலும் பட்டு உற்பத்தி அப்போது அதற்காகவே பெருக்கப்பட்டது. பட்டு நெய்பவர் கண்ணுக்குத் தெரிந்தது, நம் கண்ணுக்குத் தெரியவில்லை.)

படத்தை இவ்வளவு பாராட்டிய பின், அது பேசாமல் விட்டதையும் பேசவேண்டும். உயிரை மலிவாக மதித்தது ஜப்பானிய அரசு என்கிறார் நோதா. யாருடைய உயிரை? ஜப்பானியர் உயிரை மட்டுமா? அவர் பட்டியலில் ஒரு வரி குறைகிறது; அந்த வரியில் இருப்பவர்கள் நம்மவர்கள்.

கடலிலிருந்து வரும் அரக்கனைத் தமிழகமும் அறியும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டுப் போயிற்று. அது அழிந்த பின்னும், ‘எம்டன்’ என்ற சொல் பொல்லாதவனைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாக நம்மோடு தங்கிவிட்டது. 1942-இல் ஜப்பானே வந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் காஞ்சியிலிருந்து அண்ணாவின் ‘திராவிட நாடு’ வெளிவரத் தொடங்கியது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை காலியாயிற்று. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று, விலங்குக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். அரக்கனுக்கு அஞ்சி, கூண்டில் கிடந்த புலியைக் கொன்ற வீரம்!

சென்னை தப்பிற்று. மலாயாத் தமிழர் தப்பவில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஜப்பானியப் படை முனைந்தது. போர்க்கைதிகள் போதவில்லை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்தார்கள். நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்று சொல்லி அழைத்தார்கள். பின்னர் சொல்லாமலே ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். காடு, மழை, வாந்திபேதி, பட்டினி, பிரம்படி! 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. மாண்ட வெள்ளைக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்குமேல். அவர்களுக்குப் பதிவேடு இருந்தது. மாண்ட ஆசியக் கூலிகள் தொண்ணூறாயிரம் இருக்கும் என்பர். அதனினும் மிகுதி என்பாரும் உளர். கூலியை யார் பதிவேட்டில் எழுதினார்கள்?

சயாமிலே காஞ்சனபுரி என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டால் நம்மூரே நினைவுக்கு வரும். அங்கே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கற்கள் அணிவகுத்து நிற்கின்றன. நம்மவர் பெயர் பொறித்த கற்கள் அந்த அணிவகுப்பில் இல்லை. 1957-இல் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி எடுத்த ஆங்கிலப் படத்துக்கும் ஏழு ஆஸ்கர். பாலத்தைக் கட்டிப் படம் பிடித்தது இலங்கை மண்ணில். ஆனால் பாதை போட்டுச் செத்த தமிழனின் கதை அதில் இல்லை. எழுதியவர்கள் மலேசியத் தமிழர்களே. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். ஆயிரம் படம் எடுத்த நம் திரையுலகம்? அது பறக்கும் நாயகர்களுக்கே பணம் போதாமல் இருக்கிறது. ஏனாத்தூர் மாடியில் இதைச் சொன்னபோது முதியவர் ஒருவர், தம் தாய்மாமன் மலாயாவுக்குப் போனதையும், 1942-க்குப் பிறகு கடிதமே வராததையும் சொன்னார். அந்த வீட்டில் திதி கொடுக்க நாள் தெரியாமல் அமாவாசையில் கொடுத்தார்களாம். திதியில் நமக்கு நம்பிக்கையில்லை. நாள் தெரியாமற்போன கொடுமையில் நமக்கும் பங்கு உண்டு.

பேச்சு அதோடு முடியவில்லை. “அவன் பிழைத்தது எனக்குப் பிடிக்கவில்லை” என்றான் ஓர் இளைஞன், நல்ல இயக்கத் தோழன். “உயிர் கொடுத்திருந்தால் மாவீரன். 1964-இல் கீழப்பழுவூர்ச் சின்னசாமி கணக்குப் பார்த்தாரா? 2009-இல் முத்துக்குமார் பார்த்தாரா?”

கேள்வி சுட்டது. தற்கொலைப்படை விமானி ஆணைக்குச் செத்தான். இவர்களை யாரும் ஏவவில்லை. மொழிக்காகவும் இனத்துக்காகவும் தாமே நெஞ்சு பொறுக்காமல் போனவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், நாம் நடத்தும் வீரவணக்கக் கூட்டங்களைப் பாருங்கள்! தீயைப் பாடும் கவிஞர், தியாகத்தை விற்கும் பேச்சாளர், கீழே பதினெட்டு வயதுப் பிள்ளை கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆணை என்பது தாளில் எழுதித்தான் வரவேண்டுமா? இதை எழுதுவது தோழர் சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

அந்த இளைஞனுக்கு நாம் விடையாகச் சொன்னது ஒரு பெயர். செங்கொடி. காஞ்சிப் பெண், மக்கள் மன்றத்துத் தோழர், பறையடித்து ஊர் ஊராகப் பேசியவர். பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரையும் தூக்கிலிட நாள் குறித்தபோது, 2011 ஆகஸ்டு 28-இல் இதே காஞ்சியில் தன் உயிரைத் தந்தார். இரண்டே நாளில், ஆகஸ்டு 30-இல், சென்னை உயர்நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது. 2014 பிப்ரவரி 18-இல் உச்சநீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. கருணை மனுக்களைப் பதினோராண்டுகள் கிடப்பில் போட்ட தாமதமே அதற்குக் காரணமாகத் தீர்ப்பில் நின்றது. 2022 மே 18-இல் பேரறிவாளன் விடுதலையானார். அவ்வாண்டு நவம்பர் 11-இல் எஞ்சிய ஆறு பேரையும் விடுவிக்க ஆணை பிறந்தது. வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள், ஒரு தாய் முப்பதாண்டுகள் படியேறினார், தோழர்கள் தெருவில் நின்றார்கள். எல்லோரும் உயிரோடு இருந்து செய்த வேலை அது. அந்தச் செய்தி வந்த நாளில், காஞ்சித் தெருவில் பறையை எடுத்து முதல் அடி அடித்திருக்க வேண்டியவர் செங்கொடி.

இளைஞன் ஒன்றும் பேசவில்லை. வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தவன், அடுத்த வாரம் அந்த 1954-ஆம் ஆண்டுப் படம் கிடைக்குமா என்று கேட்டான்.